எரிமலை மேல் போட்ட ரோடு

அமலி ஒரு ரோட்டைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை, அவளே போட்ட ரோடுகளைத் தவிர. அவற்றைப் பற்றி யாரும் கேட்காமலே சொல்லுவாள். கோயமுத்தூர் காந்திபுரத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போய்ச் சேருவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஆளுக்குக்கூட எந்த வளைவில் ஜல்லி குறைச்சல், எந்தப் பாலத்தருகே தண்ணீர் நிற்கும், எந்த இடத்தில் அவள் பேச்சைக் கேட்காமல் போட்டது ஒரே மழையில் பெயர்ந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்த ஆள் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டால், "தூங்குங்க, தூங்குங்க. இன்னொரு பர்லாங்குல குழி வருது, தானா முழிச்சுக்குவீங்க" என்பாள்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்தவர்கள். பத்தொன்பது வயதில் அமலி தார் ரோடு வேலைக்குப் போனாள். முதலில் ஜல்லி சுமந்தாள். பிறகு, அடியில் ஓட்டை போட்ட வாளியில் கொதிக்கும் தாரை வாங்கி, செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல ஜல்லி மேல் ஒரே சீராக ஊற்றிக்கொண்டே போகிற வேலை. கை நடுங்காதவர்களுக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். பத்து வருடம் கழித்துப் பன்னிரண்டு பேருக்கு மேஸ்திரி. அதற்கப்புறம் பார்வையிட வருகிற இஞ்சினியர்கள் ரோட்டைப் பார்ப்பதற்கு முன் அமலியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கல்யாணமும் ரோட்டிலேயே முடிவானதுதான். தேவானந்தம் ரோலர் டிரைவர். அமலி தார் ஊற்றிக்கொண்டு முன்னால் போக, அவர் ரோலரில் பின்னாலேயே வந்தார். ஒரு கோடைக்காலம் முழுக்க, மணிக்கு நாலு கிலோமீட்டர் வேகத்தில், அவளைத் துரத்திக்கொண்டே வந்தார். அந்த வேகத்துக்கு, நினைத்திருந்தால் அமலி எப்போது வேண்டுமானாலும் தப்பித்திருக்கலாம். தப்பிக்கவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து முடித்தாயிற்று.

அமலிக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது அவளுடைய உள்ளங்கால். ஆரம்பத்தில் எல்லாரையும்போல சாக்குத்துணியும் சைக்கிள் டியூபும் சுற்றிக்கொண்டுதான் தாரில் நடந்தாள். வருடம் ஆக ஆகக் கால் தோல் தடித்துப் போய், தேய்ந்த ரப்பர் செருப்பே போதும் என்றானது. அடுப்பிலிருந்து விழுந்த நெருப்புக் கங்கை வெறுங்காலால் மிதித்து அணைப்பாள். ஒருமுறை தேளைக் குதிகாலால் நசுக்கினாள். அந்தத் தேள் கதையைக் கேட்காத சொந்தக்காரர் எவரும் இல்லை. ஒவ்வொரு முறையும் தேள் அரை அங்குலம் வளர்ந்துகொண்டே வந்தது.

இந்த வாழ்க்கையை நிறுத்தியவள் மகள் டெய்சி. சரவணம்பட்டியில் படித்து, சரவணம்பட்டியிலேயே ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த மறுமாதம், "ரெண்டு பேரும் இனி வெயில்ல நிக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டாள். கம்பெனிக்குப் பக்கத்திலேயே மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்தாள். தரையெல்லாம் வழவழவென்று டைல்ஸ். தேவானந்தம் மறுநாளே ஓய்வுக்குப் பழகிக்கொண்டார். வேகமாக எதையும் செய்து பழக்கமில்லாததால் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அமலிதான் பால்கனியில் நின்றாள். கீழே தெருவில் யாராவது குழி அடைக்கிற பேட்ச் வேலைக்கு வந்தால், மூன்றாவது மாடியிலிருந்து மேஸ்திரி வேலை நடக்கும். "ஏனுங்க தம்பி, குழியக் கூட்டாம ஊத்துறீங்களே, புழுதி மேல தாரு ஒட்டுமா?" என்று மேலிருந்து குரல் வரும். வேலையாட்கள் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள்.

இப்படி ஆறு வருடம் போனது. அப்போதுதான் டெய்சியைக் கம்பெனி ஒன்றரை வருடத்துக்கு மொரீஷியஸ் தீவுக்கு அனுப்பியது. போய் எட்டாவது மாதம் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் அனுப்பினாள்.

"கடலப் பாக்க அவ்வளவு தொலவு எதுக்கு கண்ணு? எல்லாம் ஒரே தண்ணிதான" என்றாள் அமலி. தேவானந்தம் அதற்குள் தொப்பி வாங்கி வந்துவிட்டார்.

விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது தேவானந்தம் முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க ஓட்டிய மொத்தத் தூரத்தையும் அன்று ஒரே பகலில் கடந்துவிட்டதாக இறங்கிய பிறகு கணக்குச் சொன்னார். அமலி ஜன்னல் வழியே ஓடுபாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவாயில்ல" என்றாள். தேவானந்தம் ஆச்சரியத்தில் பயத்தைக்கூட மறந்து திரும்பிப் பார்த்தார். "ஓரத்துலதான் சித்த தூக்கிப் போட்டுது" என்று அவள் முடித்ததும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

மொரீஷியஸின் வெள்ளைக் கடற்கரை அமலிக்குப் பிடிக்கவில்லை. ரவை கொட்டி வைத்ததுபோல இருக்கிறது, கண் கூசுகிறது என்றாள். "அப்ப கறுப்பு மணலு இருக்கற ஊருக்கே கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றாள் டெய்சி. பக்கத்தில், விமானத்தில் முக்கால் மணி நேரத் தூரத்தில், ரீயூனியன் என்று இன்னொரு தீவு. பிரெஞ்சுக்காரர்களின் தீவு, நடுவில் எரிமலை, அடிக்கடி கக்கும். நாலு நாள் பயணம்.

அங்கே வாடகைக் காரை டெய்சியே ஓட்டினாள். வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் ஓடுகிற ஊர் என்பதால் பயந்து பயந்து மெதுவாக ஓட்டினாள். மகளுக்குத் தன்னுடைய கை வாய்த்திருக்கிறது என்று தேவானந்தம் பூரித்துப்போனார்.

முதல் நாள் மதியம் எத்தாங் சலே என்ற ஊரின் கடற்கரைக்குப் போனார்கள். நம் ஊர்ப்பக்கம் பார்க்கிற அதே சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டினால், மணல் நிஜமாகவே கறுப்பு. அடுப்புக்கரியைப் பொடித்து, கொஞ்சம் ஜரிகைத் தூளைக் கலந்து கடல் வரைக்கும் கொட்டி வைத்ததுபோல, வெயிலில் மினுமினுவென்று கிடந்தது. எரிமலைக் கல்லை அலை அரைத்து அரைத்து ஆன மணல் என்றாள் டெய்சி. அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரும் செருப்போடு தண்ணீர் வரை போய், அங்கே கழற்றி வைத்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"செருப்பப் போட்டுக்கங்கம்மா. மத்தியான வெயிலு, மணலு நெம்பச் சுடும்னு போர்டுலயே எழுதியிருக்குது."

அமலி அந்த வெள்ளைக்காரர்களைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். சிரித்தாள்.

"நூத்தம்பது டிகிரித் தாருல நடந்த காலு கண்ணு இது. மணலுக்கு செருப்பா?"

செருப்பைத் தோப்பிலேயே விட்டுவிட்டு, சேலைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, மேஸ்திரி நடையில் நடந்தாள். முதல் பத்தடி ராணிபோலத்தான் போனாள். பதினைந்தாவது அடியில் நடை கொஞ்சம் வேகமானது. இருபதாவது அடியில் ஒரு கால் தரையில் பட்டதும் மறு கால் மேலே போனது. திரும்பிப் போக வெட்கம். முன்னால் கடல் இன்னும் நூறடி. அதற்கப்புறம் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. "ஐயோ மாதாவே, ஐயோ மாதாவே" என்று கூவிக்கொண்டு, ஐம்பத்து மூன்று வயது அமலி கறுப்பு மணலில் தத்தித் தாவி ஓடினாள். குளிப்பதற்கென்று கொடி நட்டு ஒதுக்கிய இடத்தை விட்டு விலகி ஓடித் தண்ணீரில் விழுந்ததால், உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவலர் விசிலை ஊத ஆரம்பித்தார். கடற்கரையே திரும்பிப் பார்த்தது.

தேவானந்தம் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உட்கார்ந்து சிரித்தார். தொப்பியால் வாயை மூடிக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. டெய்சி செருப்பை எடுத்துக்கொண்டு ஓடிப் போய் அம்மாவை அழைத்து வந்தாள்.

சாயந்திரம் வரைக்கும் அமலி யாரோடும் பேசவில்லை. தங்கியிருந்த அறையில் கட்டிலில் உட்கார்ந்து, உள்ளங்காலை மடியில் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொப்புளம் எதுவும் இல்லை. ஆனால் தோல் வெளுத்து, மெத்தென்று இருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. ஆறு வருட டைல்ஸ் செய்த வேலை.

"ஏனுங்க, இத எப்பவாச்சும் பாத்தீங்களா நீங்க?"

"எதைய?"

"இது என்ற காலே இல்லீங்க."

தேவானந்தம் அருகில் வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான இருக்குது புள்ள. டீச்சரம்மா காலாட்ட" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவரோடும் பேச்சு நின்றது.

மறுநாள் காலையில் டெய்சி வாங்கிக் கொடுத்த ஷூவை ஒரு சண்டையும் இல்லாமல் அமலி மாட்டிக்கொண்டபோதே, அம்மாவுக்கு அடி எவ்வளவு ஆழமாகப் பட்டிருக்கிறது என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று தீவின் தென்கிழக்குப் பக்கம் போனார்கள். எரிமலைக் குழம்பு மலையிலிருந்து இறங்கிக் கடலில் விழுகிற பக்கம் அதுதான். பச்சைப்பசேலென்று காடு வந்துகொண்டே இருந்தது; ஒரு வளைவு திரும்பியதும் காட்டைக் காணோம். மலையுச்சிப் பக்கத்திலிருந்து கடல் வரைக்கும் ஒரே கறுப்பு. நடுவில் ரோடு. ரோட்டோரத்தில் 2007 என்று எழுதிய பலகை.

"அந்த வருசம் வந்த குழம்பும்மா இது. பழைய ரோட்ட அப்படியே மூடிப்போட்டுக் கடலுக்குள்ள போயிருச்சு. அப்புறம் இது மேலயே புது ரோடு போட்டாங்க."

காரை ஓரங்கட்டி மூன்று பேரும் இறங்கி, உறைந்த குழம்பின் மேல் நடந்தார்கள். சில இடங்களில் அது உடைந்த ஓடுபோலக் கூராக நின்றது. மிதித்தால் கண்ணாடி வளையல் நொறுங்குகிற சத்தம் வந்தது. சில இடங்களில் வடக்கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி அடுக்கியதுபோல மடிப்பு மடிப்பாகக் கிடந்தது. இடுக்குகளில் சின்னச் சின்னப் பெரணிச் செடிகள் தலை நீட்டியிருந்தன. அமலி அந்த மடிப்புகளின் பக்கத்தில் குந்தினாள். கையால் தடவினாள். குனிந்து மோந்து பார்த்தாள்.

தார் டின் பொங்கி வழிந்து மண்ணில் ஓடி ஆறிப்போனால் இதே மாதிரிதான் சுருண்டு கிடக்கும். எத்தனை முறை பார்த்திருக்கிறாள். அதைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து மறுபடி டின்னில் போடச் சொல்லுவாள். இங்கே ஒரு மலையே பொங்கி வழிந்திருக்கிறது. எடுத்துப் போட ஆளில்லை.

முந்தின நாள் சாயந்திரத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் வாய் திறந்தாள்.

"ஊத்துனவன் நல்லாத்தான் ஊத்தியிருக்கான். ரோலரு உடாம உட்டுப்போட்டான்."

தேவானந்தம் மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அமலி பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த அரைமணி நேரத்தில் முழுசாகவே பிழைத்துக்கொண்டாள். ஏனென்றால் கொஞ்ச தூரத்தில், ரோட்டோரத்தில், ஐந்து பேர் பேட்ச் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை, ஒரு லாரியில் சூடான தார்க் கலவை, ஒரு குட்டி ரோலர். அதைப் பார்த்ததும் அமலி எரிமலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, கடல் ஒரு பக்கம் எரிமலை ஒரு பக்கம் நிற்க, நடுவில் குழி அடைப்பதை வேடிக்கை பார்க்கப் போன முதல் சுற்றுலாப் பயணி அவளாகத்தான் இருந்திருப்பாள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"டெய்சி, அந்த மேஸ்திரிகிட்டக் கேளு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் காவாயக் காணோமே. மழ பேஞ்சா தண்ணி எங்க போவும்?"

"அம்மா, அதெல்லாம் போயிக் கேக்க முடியாதுங்க."

"ஏன் முடியாது? நானென்ன அவரு சம்பளத்தையா கேட்டேன்?"

டெய்சி தன் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டாள். மேஸ்திரி நாற்பத்தைந்து வயது இருக்கும்; நம் ஊர் நிறம், நம் ஊர் முகம். பெயரைக் கேட்டபோது ழான் கோவிந்தராஜுலு என்றார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் கரும்பு வெட்டக் கப்பலில் வந்தவராம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அமலி அவரைக் கடைசி வரைக்கும் ஜான் தம்பி என்றே கூப்பிட்டாள்.

ழான் கேள்வியைக் கேட்டு அமலியை ஏற இறங்கப் பார்த்தார். சேலை, கீழே புது ஷூ, பின்னால் கட்டிய கை. லாரியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை எடுத்து வந்து, ரோட்டோரக் கறுப்புக் கல்லின் மேல் மொத்தமாக ஊற்றினார். தண்ணீர் ஓடவில்லை, தேங்கவில்லை. ஊற்றிய இடத்திலேயே காணாமல் போனது. கல் முழுக்க ஓட்டை. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் போகும்.

அமலி வாயைப் பிளந்து பார்த்தாள். "இன்னொருக்கா ஊத்தச் சொல்லு" என்றாள். ழான் இன்னொரு வாளி ஊற்றினார். அதுவும் போனது.

"காவாயே வேண்டாமா!" இருபத்தெட்டு வருடம் தண்ணீரோடு சண்டை போட்டவளின் குரலில் பொறாமையே வந்துவிட்டது. "குடுத்து வெச்ச ஊருங்க இது."

தேவானந்தம் தன் காதையே நம்பவில்லை. அவருக்குத் தெரிந்து முப்பது வருடத்தில் அடுத்தவர் ரோட்டுக்கு அவள் வாயிலிருந்து குறை சேராமல் வந்த முதல் பாராட்டு அது.

அப்போது மலைப்பக்கமிருந்து திடீரென்று தூறல் விழுந்தது. அந்தத் தீவில் மழை அப்படித்தான் வருமாம், சொல்லாமல் கொள்ளாமல். தார்க் கலவை நனைந்தால் வீண். வேலையாட்கள் நிமிர்வதற்கு முன்னாலேயே அமலி லாரிப் பக்கம் ஓடியிருந்தாள். "தார்ப்பாய் தார்ப்பாய், வெசயா, அக்கட்டால புடிங்க!" என்று கத்தினாள். ஐந்து பிரெஞ்சுக் குடிமக்களுக்கும் ஒரு சொல் புரியவில்லை. ஐந்து பேரும் அவள் சொன்னபடியே செய்தார்கள். ஒரு நுனியை அமலியும் மறு நுனியை தேவானந்தமும் இழுத்துக் கட்டினார்கள்.

மழை நிற்கும் வரை எல்லாரும் வேலையாட்களின் வேனுக்குள் உட்கார்ந்தார்கள். ழான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டினார். சோறு, மொச்சை, ஒரு கீரை. கீரையை வாயில் போட்டதும் அமலி நிமிர்ந்தாள்.

"முருங்கக்கீரையல்லோ இது!"

"மூரூங்," என்றார் ழான், சந்தோஷமாக.

"மூரூங் இல்லீங்க தம்பி. முருங்க."

"மூரூங்."

நாலைந்து முறை திருத்திப் பார்த்துவிட்டு, அமலியே கடைசியில் மூரூங் என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

டெய்சியை நடுவில் உட்கார வைத்துப் பேச்சு ஓடியது. ழானின் அப்பாவும் இதே ரோட்டில் வேலை செய்தவர். அவர் போட்ட ரோடு இப்போது தங்கள் காலுக்குக் கீழே, நாற்பது ஐம்பது அடி ஆழத்தில், கல்லுக்குள் கிடக்கிறதாம்.

அமலி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "அந்தப் பெரியவரு எப்புடித் தாங்கிக்கிட்டாரு?"

ழான் சிரித்துக்கொண்டு எதையோ நீளமாகச் சொன்னார். டெய்சி சொல்ல முடியாமல் தானும் சிரித்துவிட்டு அப்புறம் சொன்னாள்: "தான் போட்ட ரோட்டுல இந்த நிமிசம் வரைக்கும் ஒரு குழி உழுவலேன்னு இன்னமும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாராம்மா. யாரும் போயிப் பாக்க முடியாதுல்லங்க."

அமலி சிரித்த சிரிப்பில் வேனே ஆடியது. முந்தின நாள் சிரிப்புக்கு இப்போதுதான் பதில் கொடுப்பதுபோல தேவானந்தத்தின் தோளில் இரண்டு அடி வைத்தாள்.

மழை விட்டது. வெயில் வந்ததும் ரோட்டிலிருந்தும் கல்லிலிருந்தும் மெல்லிய ஆவி எழுந்தது. தார்ப்பாயைப் பிரித்தார்கள். குழியைக் கலவையால் நிரப்பிய ஆள் விளிம்பைச் சரிவாக விட்டதைப் பார்த்து அமலி உச்சுக் கொட்டினாள். ழான் அந்தச் சத்தத்தைக் கவனித்தார். உலகத்திலுள்ள எல்லா மேஸ்திரிக்கும் அந்தச் சத்தம் தெரியும் போலிருக்கிறது. ஒரு ஆரஞ்சுச் சட்டையை எடுத்து அமலியிடம் கொடுத்து, கலவையைப் பரப்புகிற, பல் வைத்த இழுப்பானையும் நீட்டினார்.

"அம்மா, வேண்டாங்க. சொன்னாக் கேளுங்க" என்றாள் டெய்சி.

அதற்குள் சேலைக்கு மேல் சட்டை ஏறியிருந்தது. அமலி குழியின் விளிம்பில் நின்று, கலவையைத் தள்ளி, இழுத்து, ஓரங்களை நேர்படுத்தி, நடுவில் ஒரு விரல் உயரம் தூக்கி வைத்தாள். ரோலர் ஏறினால் அது அமுங்கிச் சமமாகும். பத்து நிமிட வேலை. மூச்சு வாங்கியது, இடுப்புப் பிடித்தது. ஆனால் கை எதையும் மறந்திருக்கவில்லை. ழான் குனிந்து ஒரு கண்ணை மூடி விளிம்பைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

ரோலர் பக்கம் தேவானந்தம் நின்றுகொண்டிருந்தார். ஓட்டட்டுமா என்று கேட்கவில்லை, அதன் சக்கரத்தைத் தொட்டபடி நின்றார், அவ்வளவுதான். ழான் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஏறுங்கள் என்று கை காட்டினார். தேவானந்தம் தொப்பியைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு ஏறினார். முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி, மறுபடி முன்னால் எட்டடி. டெய்சி வீடியோ எடுத்தாள். அதில் அவர் முகம் ஒரு கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டு வருகிறவரின் முகம்போல இருக்கிறது.

திரும்பும் வழியில் ஒரு மாதா கோயில். அதற்கும் முந்திய காலத்தில், எழுபத்தேழில் வந்த குழம்பு அந்தக் கோயிலைச் சுற்றி வளைத்து, வாசலுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டதாம். சுவரை ஒட்டி இன்னமும் கறுப்புக் கல் கிடக்கிறது. டெய்சியும் தேவானந்தமும் வெளியே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அமலி உள்ளே போய் முழங்கால் போட்டு வெகுநேரம் இருந்தாள். வெளியே வந்து வாசல் படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை இறுக்கினாள்.

"கண்ணு, ஊருக்குப் போயி நான் மறுக்காவும் வேலைக்குப் போறேன்."

டெய்சி போனைக் கீழே இறக்கினாள். "என்னங்கம்மா சொல்றீங்க?"

"பகல்ல அந்த ஊட்டுக்குள்ள எனக்கு ஒரு சோலியும் இல்ல சாமி. பால்கனியில நின்னு கத்திக்கத்தி தொண்டதான் போவுது."

"அம்மா, ஸ்கூல் உட்டு வந்து அன்னாடும் உங்க கால்ல மண்ணெண்ண போட்டுத் தார எடுத்தது ஆரு? நானு. தோலோட சேந்து வரும். நீங்க பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருப்பீங்க. அதப் பாத்துப் பாத்துத்தான் நான் படிச்சேன். மறுக்காவும் போறேங்கறீங்க." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது.

அமலி மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். மண்ணெண்ணெய்த் துணியோடு தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையை அவளும் மறந்திருக்கவில்லை. வலியைக் காட்டினால் பிள்ளை பயப்படும் என்றுதான் பல்லைக் கடித்தாள். பிள்ளை அதைத்தான் பார்த்திருக்கிறது.

"வலிச்சுது கண்ணு. இல்லேங்கல. ஆனா எனக்கு வலி மட்டுமா இருந்துச்சு? இன்னிக்கு அந்த இழுப்பானப் புடிச்சேனே, நீ பாத்தியல்லோ."

டெய்சி பார்த்திருந்தாள். வீடியோவும் எடுத்திருந்தாள்.

"ஷூ போட்டுக்கோணும்," என்றாள் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சுமக்கக் கூடாது. தாரத் தொடக் கூடாது. நின்னு சொல்றதோட சரி."

"செரி."

"சத்தியமா?"

"மாதா கோயிலு வாசல்ல உக்காந்துட்டு பொய் சொல்லுவனா?"

ஊர் திரும்பிய மூன்றாவது வாரம் அமலி அன்புக்கரசியைப் போய்ப் பார்த்தாள். அன்புக்கரசி முன்பு அவளிடமே ஜல்லி சுமந்தவள்; இப்போது சிறிய சிறிய தெரு ரோடுகளைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறாள். "அக்கா, நீங்க நாற்காலி போட்டு உக்காந்தாப் போதுங்க" என்று சேர்த்துக்கொண்டாள். நாற்காலி வந்தது. முதல் வாரம் அதில் அமலியின் சாப்பாட்டுப் பை உட்கார்ந்தது; இரண்டாவது வாரத்திலிருந்து தேவானந்தம் உட்கார்ந்தார்.

கோயமுத்தூர் மண் எந்தத் தண்ணீரையும் அப்படி ஒரு வாயில் குடித்துவிடுவதில்லை என்பதால் அவளுக்குக் காவாய்ச் சண்டைகள் நிறைய இருந்தன. ஆட்களுக்குப் புதுக் கதையும் கிடைத்திருந்தது. கறுப்பு மணல் கதையை அவளே சொல்லுவாள். அதில் அவள் ஓடவில்லை, கொஞ்சம் வேகமாக நடந்தாள். பக்கத்தில் தேவானந்தம் இருந்தால் மட்டும் அந்தக் கதையைச் சொல்ல மாட்டாள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு, விளாங்குறிச்சிப் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் வேலை நடந்துகொண்டிருந்தபோது மொரீஷியஸிலிருந்து போன் வந்தது. அமலி ஒரு கையில் போனும் மறு கையில் தார் வாளியுமாக நின்றாள்.

"என்னம்மா பண்றீங்க? நின்னுட்டுத்தான இருக்கறீங்க?"

"நின்னுட்டுத்தான் கண்ணு இருக்கறேன்."

"அதென்னங்க சத்தம், வாளியாட்ட?"

"இங்க டவரு கெடைக்கறதில்ல சாமி, நானே அப்புறம் கூப்புடறேன்" என்று சொல்லி அமலி போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தார் ஆறுவதற்குள் ஊற்றியாக வேண்டும்.